மனச்சோர்வுக்கு முதல் தடவை டாக்டரிடம் போகிறேன், உள்ளே என்ன நடக்கும்?

அரைத்தூக்கம்:
வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட். அக்காதான் பிடிவாதமாகப் போன் செய்து நேரம் வாங்கினாள். சில மாதங்களாக எதிலும் மனம் ஒட்டவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு சரி. குளிப்பதுகூட மலைப்பாக இருக்கிறது. ஆனால் வேலைக்குப் போகிறேன், நாலு பேர் சிரித்தால் நானும் சிரிக்கிறேன். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவாரோ? "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் எனக்குப் பேச்சே வராது, அழுதுவிடுவேன். போனதுமே மாத்திரையா?

பழைய ஃபைல்:
அழுகை வந்தால் அழுங்கள். அந்த மேஜையில் டிஷ்யூ பெட்டியைச் சும்மா வைப்பதில்லை. நான் முதல் தடவை பேசியதைவிட மூக்கைச் சிந்தியதுதான் அதிகம்.

பேச்சு வராது என்றால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 'சோகமாக இருக்கிறது' என்பது போதாது. மூன்று மணி விழிப்பு, குளியல், பசி, எடை, எப்போது ஆரம்பித்தது, இதெல்லாம்தான் அவருக்குத் துப்பு. விடியுமுன்பே விழித்துக்கொள்வது மனச்சோர்வில் அடிக்கடி பார்க்கிற அறிகுறி. நான் தாளை அப்படியே நீட்டிவிட்டேன். படித்துவிட்டு அதிலிருந்தே கேட்கத் தொடங்கினார்.

மனச்சோர்வு எவ்வளவு என்று அளக்கும் பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாளும் தரலாம். 9 கேள்விகள். கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. வேலைக்குப் போவதால் உங்களுக்கு இதில் யாரும் மார்க் குறைப்பதில்லை.

சில கேள்விகள் சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும். "தூங்காமலே நாள்கணக்கில் படு உற்சாகமாக, கன்னாபின்னாவென்று செலவு செய்துகொண்டு இருந்ததுண்டா?" என்றார். படுக்கையை விட்டு எழவே முடியாத ஆளிடம் கேட்கிற கேள்வியா என்று எரிச்சல் வந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது: பைபோலார், அதாவது சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வருகிற நோய், இருந்தால் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுப்பது ஆளை அந்த உற்சாகப் பக்கம் தூக்கிவிடக்கூடும். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு இவையும் மனச்சோர்வுபோலவே ஆளைச் சாய்க்கும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எழுதினார்.

மாத்திரை கட்டாயமில்லை. லேசாக இருந்தால் பேச்சு சிகிச்சையோடு தொடங்குவதும் உண்டு. எனக்கு எஸ்சிடலோபிராம் கொடுத்தார். முதலில் வந்தது குமட்டல்தான், பலன் இல்லை! இந்த வகை மாத்திரைகள் வேலை செய்வது தெரியவே 2 முதல் 4 வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மாடிப்படி:
மேலே சொன்னதோடு இன்னொன்று. இப்போது சாப்பிடுகிற எல்லா மருந்தையும் சொல்லுங்கள், மூலிகை உட்பட. குடி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அக்காவை அழைத்துப் போகலாம், ஆனால் கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த டாக்டர் ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைப் பார்ப்பதில் தப்பே இல்லை.

அரைத்தூக்கம்:
நன்றி. அந்தக் கேள்வித்தாளைத் தேடிப் பார்த்தேன். 9-வது கேள்வி... செத்துப்போனால் தேவலை என்று சில நேரம் தோன்றுகிறது. அதைச் சொன்னால் உடனே அட்மிட் செய்துவிடுவார்களா? வீட்டில் சொல்லிவிடுவார்களா?

பழைய ஃபைல்:
சொல்லுங்கள். நானும் 'ஆமாம்' என்றுதான் குறித்தேன், அன்று மாலை வீட்டுக்குத்தான் போனேன். எப்படிச் செய்வது என்று யோசித்திருக்கிறீர்களா, அதற்கானது கையில் இருக்கிறதா, எது உங்களைத் தடுக்கிறது என்று அடுத்தடுத்துக் கேட்பார். எண்ணம் வருவது வேறு, திட்டம் இருப்பது வேறு. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இத்தனை கேள்வி. உயிருக்கு ஆபத்து என்று பட்டால்தான் வீட்டாரிடம் பேசுவார்கள், மற்றபடி உங்கள் ரகசியம் அவரோடுதான்.

ஆனால் அந்த எண்ணம் வலுத்தால், வழி தேட ஆரம்பித்தால், வியாழன் வரை காத்திருக்க வேண்டாம். அக்காவை எழுப்பிச் சொல்லுங்கள், மணி மூன்றானாலும் சரி, நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள். அக்காவுக்கு இந்த எண்ணம் பற்றித் தெரியுமா?