பழைய ரெக்கார்டை வெட்டி ஒட்டி ஆல்பம்: ஊம்ம் சத்தம், சேராத சுருதி, 78 தட்டு

லயத்துவாசி (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். மைக் செட் வாடகைக் கடை ஒன்று மூடியதில் 140 ரெக்கார்டு கைக்கு வந்திருக்கிறது. பெரும்பாலும் 45 சுற்று சினிமா ஈ.பி., கொஞ்சம் மலாய் பாட்டு, கதை வசன எல்.பி. (33 சுற்று), அடியில் இருபது கிராமபோன் தட்டு (78 சுற்று, நாதஸ்வரம்). எல்லாவற்றிலும் வெள்ளைப் பூஞ்சணம். இவற்றின் துண்டுகளை மட்டுமே வைத்து 35 நிமிட பாப் ஆல்பம் செய்ய நினைப்பு. இருப்பது 33, 45 மட்டும் ஓடும் டர்ன்டேபிள், ஒலியை லேப்டாப்புக்குள் அனுப்பும் ஒரு இன்டர்ஃபேஸ், லேப்டாப்பில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள்.

முதல் பாட்டிலேயே மூன்று தொல்லை. எட்டு துண்டு சேர்ந்தால் அடியில் 'ஊம்ம்' என்று அலை அலையாக ஒரு சத்தம். சுருதி எதுவும் எதோடும் சேரவில்லை. ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட விட்டால் (லூப்) கீறல் சத்தமே தாளம் போடுகிறது. 78 தட்டை எப்படி ஏற்றுவது? வெளியிட யாரிடம் அனுமதி கேட்பது?

ஊசிமுனை

முதலில் கழுவுங்கள், தம்பி. ஈ.பி., எல்.பி. இரண்டும் வினைல். டிஸ்டில்ட் வாட்டர் நாலு பங்கு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் உப்பு குழியில் தங்கிவிடும். பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே, மாஸ்க் போட்டுத் துடைக்கவும்.

78 தட்டு ஷெல்லாக். அதில் ஆல்கஹால் பட்டால் மேற்பரப்பே கரைந்து போகும். பிறகு ஒன்றும் செய்ய முடியாது. வெறும் டிஸ்டில்ட் வாட்டரும் சோப்புச் சொட்டும் போதும். லேபிளில் ஈரம் படாமல் உடனே துடைத்து நிறுத்தி வையுங்கள். வெயிலில் காய வைத்தால் வினைல் வளைந்துவிடும்.

ஊசி வேறு வேண்டும். எல்.பி. ஊசி முனை 0.7 முதல் 1 மில் (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78-க்கு 3 மில். சின்ன ஊசி அகலக் குழியின் அடியில் போய் அழுக்கை உரசும், நாதஸ்வரத்தைவிட இரைச்சல்தான் பெரிதாக வரும். ஷெல்லாக்கில் கலந்திருக்கும் கல்தூள் அந்த ஊசியையும் தேய்த்துவிடும்.

78 வேகம் இல்லையென்றால் 45-ல் ஓட்டிப் பதிந்து, ஆடாசிட்டி மென்பொருளில் வேகத்தை 1.733 மடங்காக்குங்கள். இதில் ஒரு சிக்கல்: ஊசியின் சன்னமான ஒலியைப் பெருக்கும் போனோ பிரீஆம்ப், மேல் ஸ்தாயியைக் குறைத்து பேஸைக் கூட்டப் போடும் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு 1954-க்குப் பிந்திய தட்டுக்கானது, 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டி.பி. குறைத்துவிடும். பெரும்பாலான 78-ல் மேல் ஸ்தாயி அவ்வளவு உயர்த்தப்பட்டிருக்காது. எனவே நாதஸ்வரம் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போலக் கேட்கும். வேகம் மாற்றும் முன் ஆர்.ஐ.ஏ.ஏ.-வைத் தலைகீழாகப் போட்டு நீக்கி, மாற்றிய பிறகு பேஸை காதுக்கு ஏற்றபடி கூட்டுங்கள்.

78 எல்லாம் மோனோதான். ஆனாலும் ஸ்டீரியோவாகவே பதியுங்கள். குழியின் ஒரு பக்கச் சுவர் மற்றதைவிடக் குறைவாகத் தேய்ந்திருக்கும். இடது, வலது இரண்டையும் தனித்தனியே கேட்டு நல்லதை வைத்துக்கொள்ளலாம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டி.பி.-யைத் தாண்ட வேண்டாம்.

ரெண்டரைக்கட்டை

அலை அலையாக வரும் ஊம்ம்முக்குக் காரணம் சுலபம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரைச்சல் ஒவ்வொரு பதிவிலும் உட்கார்ந்திருக்கிறது. ஒரு துண்டின் சுருதியை அரைக் கட்டை ஏற்றினால் அதன் இரைச்சல் 53 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். பக்கத்தில் ஏற்றாத துண்டு 50-ல் நிற்கும். இரண்டும் மோதினால் நொடிக்கு மூன்று அலை. அதனால் 50, 100, 150-ல் குறுகலான நாட்ச் (அந்த அலைவரிசையை மட்டும் வெட்டும் ஃபில்டர்) போடும் வேலையை சுருதி மாற்றும் முன்பே, துண்டு துண்டாகச் செய்யுங்கள். எல்லாம் கலந்த பிறகு மாஸ்டரில் போட்டால் எதுவும் பிடிபடாது. அதற்கும் முன்னால் டர்ன்டேபிளின் எர்த் ஒயர் பிரீஆம்ப் திருகில் இறுகியிருக்கிறதா பாருங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் பதிந்து பாருங்கள்.

சுருதிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு துண்டுக்கும் கட்டையும் பி.பி.எம்.-மும் (நிமிடத்துக்கு எத்தனை அடி) எழுதுங்கள். வேகம் 5.95 சதவீதம் ஏறினால் அரைக் கட்டை, அதாவது ஒரு ஸ்வரப்படி ஏறும், 12.25 ஏறினால் இரண்டு ஸ்வரப்படி. 2 கட்டையில் 100 பி.பி.எம். வயலின் துண்டு, 2½ கட்டையில் 106 பி.பி.எம். தபலா துண்டு இருந்தால், முதலாவதை 106-க்கு ஓட்டுங்கள். சுருதியும் தாளமும் தானாகச் சேரும். இப்படிச் சேரும் ஜோடிகளை முதலில் தேடி, அவற்றைச் சுற்றிப் பாட்டு கட்டுங்கள். பிடித்த துண்டை முதலில் எடுத்துக்கொண்டு மற்றதை அதற்கு நீட்டி இழுப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் மாற்றும் டைம் ஸ்ட்ரெச் 3 சதவீதம் தாண்டினால் கமகம் குழைந்து ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

லூப்பில் கீறல் தாளம் போடுவது: 100 பி.பி.எம்.-ல் இரண்டு பார் (எட்டு அடி) என்றால் 4.8 நொடி. அதற்குள் ஒரே ஒரு 'டிக்' இருந்தாலும் 4.8 நொடிக்கு ஒருமுறை அதே இடத்தில் விழும், காது அதைத் தாளவாத்தியமாக எடுத்துக்கொள்ளும். துண்டுக்குள் இருக்கும் டிக்குகளைக் கையால் அழியுங்கள். பிறகு தட்டின் தொடக்கத்தில், பாட்டு ஆரம்பிக்கும் முன் வரும் வெறும் குழிச் சத்தத்தைப் பதிந்து, இசையைவிட 30 டி.பி. கீழே நீளமாக ஓட விடுங்கள். அதை லூப் போடக் கூடாது; ஒரு தட்டில் சில நொடிதான் கிடைக்கும், ஏழெட்டுத் தட்டில் எடுத்து ஒட்டுங்கள். பழைய தட்டின் வாசம் இருக்கும், டிக் தாளம் போடாது. லூப் ஓரங்களில் 5 முதல் 10 மில்லிநொடி கிராஸ்ஃபேட் (ஒன்று மெல்லக் குறைய அடுத்தது மெல்ல ஏறுவது).

லயத்துவாசி

எர்த் ஒயர்தான் அண்ணே, திருகே இல்லாமல் தொங்கியது. திஸ்ர நடைத் துண்டுகள் (அடிக்கு மூன்று தட்டு) மட்டும் ரீப்பரின் தாளக் கட்டமான கிரிட்டில் உட்கார மாட்டேன் என்கின்றன. ஒரு எல்.பி.யில் சுருதி ஊஞ்சலாடுகிறது.

ரெண்டரைக்கட்டை

கிரிட்டை டிரிப்லெட்டுக்கு (அடியை மூன்றாகப் பிரிப்பது) மாற்றுங்கள், பதினாறில் இழுத்தால் நடையே செத்துவிடும். அந்தக் கால ஆர்கெஸ்ட்ரா தாளம் காட்டும் கிளிக் சத்தம் கேட்டு வாசிக்கவில்லை, ஒரே சரணத்தில் 98-லிருந்து 101 போகும். பார் பாராக வெட்டுங்கள். ஊஞ்சல் 1.8 நொடிக்கு ஒருமுறை வருகிறதென்றால் அது 33 சுற்றுத் தட்டின் ஒரு சுற்று. நடு ஓட்டை மையத்தில் இல்லை. ஊஞ்சல் குறைவாக இருக்கும் அரை நொடித் துண்டுகளை மட்டும் எடுங்கள்.

அமெரிக்காவின் டிஜே ஷாடோ 1996-ல் முழுக்க சாம்பிளில் (பழைய பதிவுத் துண்டுகளில்) செய்த முதல் ஆல்பத்தின் முக்கியக் கருவி ஆகாய் எம்.பி.சி.60 என்ற சாம்ப்ளர். 12 பிட், விரிவாக்காமல் மொத்தம் 13 நொடி நினைவகம். உங்கள் லேப்டாப்பைக் குறை சொல்ல வழியில்லை.

பழைய கிராணி

அனுமதி இரண்டு: பதிவுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. மலேசிய 1987 காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 50 ஆண்டு. 1972 ஈ.பி. என்றால் 2022 கடைசியோடு முடிந்தது. இந்தியாவில் 60 ஆண்டு, அதாவது 2032 வரை. ஆன்லைனில் போட்டால் அது இந்தியாவிலும் கேட்கும், எனவே நீளமான கணக்கைப் பாருங்கள்.

இசையும் வரியும் எழுதியவர் இறந்த பிறகு இங்கே 50 ஆண்டு, அங்கே 60. மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லி 1973-ல் இறந்தார், அவருடைய மெட்டுகளுக்கு இங்கே 2023 வரை. வரியை வேறொருவர் எழுதியிருந்தால் அவர் கணக்கு தனி. பழைய எச்.எம்.வி. இந்தியப் பதிவுகளுக்கு இப்போது சரிகம நிறுவனத்தைக் கேட்க வேண்டும். அனுமதி கிடைக்காத துண்டை உள்ளூர் வாத்தியக்காரரை வைத்துத் திரும்ப வாசித்துப் பதிந்தால் பதிவு உரிமை தேவைப்படாது, பாட்டு உரிமை மட்டும் கேட்டால் போதும். அதனால் அந்த நோட்டுப் புத்தகத்தில் கட்டைக்குப் பக்கத்தில் லேபிள், தட்டு எண், பக்கம், எத்தனையாவது நொடி என்று நாலு பத்தி சேர்த்துவிடுங்கள். எங்கிருந்து வெட்டியது என்று மறந்துபோன துண்டுக்கு யாரிடம் போய்க் கேட்பீர்கள்?