38 வெள்ளி சாபிட்டா, 14 வெள்ளி சாபிட்டா? கடையில் எதைத் தொங்கவிடுவது?

சிப்புட்_இரும்புக்கடை எழுதியது:

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அப்பா 1979இல் தொடங்கிய இரும்புச் சாமான் கடையை நான்கு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். தோட்டத்திலும் பட்டறையிலும் கிடந்து உழைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு கொல்லர் இருக்கிறார். வயது அறுபத்தெட்டு. லோரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி சாபிட் (உயரமான செம்பனையில் குலை வெட்டும் அரிவாள்), டோடோஸ் (குட்டை மரத்துக்கான உளி), பாராங் (வெட்டுக்கத்தி) எல்லாம் அடிப்பார். ஒரு சாபிட்டை எனக்கு 30 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருகிறார், நான் 38க்கு விற்கிறேன். ஈப்போவிலிருந்து வரும் சப்ளையர் பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டுப் போகும் சாபிட் 14 வெள்ளிதான், அதிலும் எனக்கு ஐந்து வெள்ளி நிற்கும். பெயின்ட், ஸ்டிக்கர், பிளாஸ்டிக் உறை எல்லாம் உண்டு. கொல்லருடையது கறுப்பாக, சுத்தியல் தடம் தெரிய, எண்ணெய் ஊறிய பழைய நாளிதழில் சுற்றி வரும்.

அப்பாவின் பழைய கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க உள்ளூர்ப் பட்டறைகள். மம்முட்டிக்கு ஒருவர், பால்வெட்டு உளிக்கு ஒருவர், கோடரிக்கு ஒருவர். இன்று மிச்சம் இவர் ஒருவர்தான். போன வாரம் கடைக்கு வந்து, "மாசம் பன்னெண்டு எடுக்கறது கரிக்காசுக்கே பத்தலம்மா. இருபது எடுக்க முடியுமா பாரு. இல்லன்னா தீபாவளியோட உலைய அணைச்சிடறேன்" என்றார். எடுக்கிற பன்னிரண்டிலேயே எட்டுதான் விற்கிறது. போதாததற்கு, இந்த மூன்று மாதத்தில் இரண்டு பேர் அவருடைய சாபிட்டையே விளிம்பு சில்லு தெறித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அப்பா காலத்தில் அப்படி ஒன்று வந்ததே இல்லை. அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குலை வெட்டிப் பிழைக்கிறவரிடம் 24 வெள்ளி கூடக் கொடுத்து வாங்குங்கள் என்று நான் சொல்வது நியாயமா? இறக்குமதிச் சாமான்தான் நம் ஆட்களின் வேலையைத் தின்றது என்கிறார் என் மச்சான். அப்படியென்றால் அந்தப் பெட்டிகளை அடுக்கி வைப்பது என் கைதானே. அது உறுத்துகிறது.

குலைவெட்டு_காண்ட்ராக்ட் எழுதியது:

அக்கா, நான் மூன்று ஆள் வைத்துச் சிறுதோட்டக்காரர்களின் செம்பனையை வெட்டிக் கொடுக்கிறேன். பத்து நாளைக்கு ஒரு சுற்று, மழையென்றால் பதினான்கு நாள் ஆகும். என் ஆள் ஒருவன் ஒரு நாளைக்கு நூறு குலை இறக்குவான். கூரான சாபிட்டென்றால் மட்டைக்கு ஓர் இழுப்பு, காம்புக்கு ஓர் இழுப்பு. மழுங்கினால் நாலு, ஐந்து. அலுமினியக் காலாவை (நீளக் கம்பை) மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தை அண்ணாந்து, அந்த நாலைந்து இழுப்பை நூறு தடவை இழுத்துப் பாருங்கள். சாயங்காலம் அவனால் சோற்றுத் தட்டைக் குனிந்து பார்க்க முடியாது.

14 வெள்ளிச் சரக்கை நானும் வாங்கியிருக்கிறேன். ஒரே பெட்டியிலிருந்து மூன்று எடுத்தேன். ஒன்று மூன்றாவது வாரமே நுனி வளைந்தது. இன்னொன்று ஒரு வருடமாக ஓடுகிறது, அதைக் குறை சொல்லவே முடியாது. எது எப்படி என்று வாங்கும்போது தெரிவதில்லை, அதுதான் என் தலைவலி. செம்பனை வாரியம் உருவாக்கிய கான்தாஸ் மோட்டார் வெட்டியையும் விசாரித்தேன். குட்டை மரத்துக்குச் சரி, எங்கள் மரங்கள் உயரம். சில்லு தெறிக்காது என்று தெரிந்தால் கொல்லர் சாபிட்டில் மாதம் நான்கு நான் எடுத்துக்கொள்கிறேன்.

பட்டறைக்காரன்_1962 எழுதியது:

அம்மா, உன் மச்சான் சொல்வதில் பாதி உண்மை. மறுபாதி நடந்தபோது நான் அங்கே நின்றேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் லிந்தாங் பக்கத்துத் தோட்டத்தில், லயத்தில் பிறந்தவன். பன்னிரண்டு வயதில் பள்ளி விடுமுறையென்றால் விடிவதற்கு முன்னே அம்மாவோடு ரப்பர் மர நிரைக்குப் போய்விடுவேன். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் அம்மா பால்வெட்டும் ஜெபோங் உளியை இழுத்தால் பட்டை சுருண்டு சுருண்டு விழும். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் போகவேண்டும். ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம். புதுப்பட்டை வளரும்போது முண்டு முண்டாக வரும், அந்த இடத்தில் அப்புறம் உளி ஓடாது. தண்டல் (மேற்பார்வையாளர்) வந்து அந்த முண்டைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார். வார்த்தை பேசமாட்டார். அம்மா ராத்திரி உட்கார்ந்து அரைமணி நேரம் உளி தீட்டுவதற்கு அந்தப் பார்வைதான் காரணம். கருவி என்றால் என்ன என்று நான் படித்தது அங்கேதான்.

1979இல், பதினேழு வயதில், ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். நாற்பது பேர் வேலை செய்த இடம். முன்கொட்டகையில் வெள்ளீயச் சுரங்கங்களின் மணல் பம்புகளுக்கு இம்பெல்லர் (உள்ளே சுழலும் சக்கரம்) வார்ப்பார்கள். மணலும் சரளையும் அரித்து அது தேய்ந்துகொண்டே இருக்கும், நாங்கள் வார்த்துக்கொண்டே இருப்போம். பின்கொட்டகையில் மம்முட்டி, பாராங், டோடோஸ் அடிப்போம். அப்போது எங்களுக்குப் போட்டி இங்கிலாந்திலிருந்து வந்த முதலை மார்க் மம்முட்டி. வெளிநாட்டுச் சரக்கு என்றால் அன்றைக்கு விலை கூடின சரக்கு, தோட்டத்து ஆபீசில் அதைத்தான் கேட்பார்கள். நாங்கள்தான் மலிவு.

1985 அக்டோபர் 24ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நின்றது. விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த அனைத்துலக ஈய மன்றம் காசில்லாமல் கைவிரித்துவிட்டது. ஈய விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கம் மாற்றிச் சுரங்கம் மூடினார்கள். அடுத்த தீபாவளிக்கு எங்கள் பட்டறையில் போனஸ் வாங்கியவர்கள் பதினான்கு பேர். பின்கொட்டகை இவ்வளவு நாள் முன்கொட்டகைக் காசில் ஓடியிருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அந்த இருபத்தாறு பேர் வேலை இழந்ததற்கும் சீனாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, உளி ஆர்டர் நின்றது. சீனா 2001 டிசம்பரில் உலக வணிக நிறுவனத்தில் சேர்ந்தது. 2010 ஜனவரி 1 முதல் ஆசியான் சீன ஒப்பந்தத்தில் பெரும்பாலான பொருள்களுக்குத் தீர்வையே இல்லை. இந்த இடத்தில் உன் மச்சான் சொல்வது சரி. என் வயிறு எரிவது இன்னொன்றுக்கு. உள்நாட்டு உருக்காலைகளைக் காப்பாற்ற இறக்குமதி இரும்புக்குத் தீர்வை வைத்திருந்தார்கள். அதனால் நாங்கள் வாங்கும் இரும்புக் கம்பி விலை ஏறியே இருந்தது, அதே இரும்பு மம்முட்டியாக வந்து இறங்கினால் மலிவு. உருக்காலைக்காகப் பேச ஆள் இருந்தது. பதினான்கு பேர் பட்டறைக்காக யார் பேசுவார்கள்? 2012இல் மூடினோம். கடைசி நாளில் நாங்கள் ஐந்து பேர்.

ஆனாலும் சீனச் சாமான் என்றாலே மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். தைவானில் தைச்சுங் பக்கம் செய்கிற ஸ்பேனரை வைத்து இருபது வருடம் வேலை பார்த்தவன் நான். சீனாவிலும் அப்படிச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவன் 'இன்ன விலைக்குள் வேண்டும்' என்கிறான். அந்த விலைக்குள் வரவேண்டுமென்றால் முதலில் கைவைப்பது பதத்தில்தான் (இரும்பைச் சூடாக்கி நனைத்து அளவான கடினம் ஏற்றுவது), ஏனென்றால் பதம் கண்ணுக்குத் தெரியாது, பெயின்ட் தெரியும். தம்பி வாங்கிய மூன்றில் ஒன்று நன்றாக ஓடுவதற்கும் அதுதான் காரணம், அதற்கு மட்டும் சூடு சரியாக விழுந்திருக்கிறது.

கடையில் ஒரு நல்ல அரம் வைத்துக்கொள் அம்மா. நுனி, நடு, அடி என மூன்று இடத்தில் விளிம்பில் ஓர் இழுப்பு இழுத்துப் பார். வழுக்கிக்கொண்டு போனால் கத்தி மிதமிஞ்சிக் கடினம், சில்லு தெறிக்கும். சோப்புக்கட்டியில் இறங்குகிற மாதிரி இறங்கினால் பதமே ஏறவில்லை, வளையும். முரண்டு பிடித்துக்கொண்டு கடிக்கவேண்டும், மூன்று இடத்திலும் ஒரே மாதிரி.

இனி உன் கொல்லர். லோரி ஸ்பிரிங் நல்ல இரும்பு, அதன் மேல் பழி இல்லை. துவைச்சலில்தான், அந்தப் பதம் ஏற்றுகிற வேலையில்தான், ஏதோ தவறுகிறது. உலையில் கத்தி சிவந்து வரும்போது நாங்கள் காந்தத்தைக் காட்டிப் பார்ப்போம். காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் ஒரு மூச்சு பொறுத்து எண்ணெயில் இறக்குவோம். எடுக்கும்போது அது கண்ணாடி மாதிரி இருக்கும், சிமெண்டுத் தரையில் விழுந்தால் உடையும். ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு முதுகுப் பக்கமாக மெல்லச் சூடு காட்டினால், அந்த வெள்ளையில் நிறம் நடந்து வரும். வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ, பிறகு நீலம். முதுகு நீலமாகி, விளிம்பில் பழுப்பு மேல் கத்தரிப்பூ ஏறத் தொடங்கும் அந்த நேரத்தில் தண்ணீரில் நனைக்கவேண்டும். மஞ்சளிலேயே நனைத்துவிட்டால் விளிம்பு சில்லு தெறிக்கும். மஞ்சளையும் பழுப்பையும் பிரித்துப் பார்க்கக் கண் வேண்டும். அறுபத்தெட்டு வயது என்கிறாய். அவர் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டாயா?

பாயான்லெப்பாஸ்_அக்கா எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும்.

என் அம்மா தோட்டத்திலிருந்து பினாங்குக்குக் கிலாங் பஸ் (தொழிற்சாலை பஸ்) ஏறிப் போனவர். பாயான் லெப்பாஸில் 1972இல் இன்டெல் மாதிரி நிறுவனங்கள் வந்து இறங்கின. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டுகிற வேலை. அந்த வேலை அதற்கு முன்னால் வேறொரு நாட்டில் வேறொரு பெண் பார்த்த வேலையாக இருந்திருக்கும். அம்மா அந்தச் சம்பளத்தில் எங்கள் மூவரையும் படிக்கவைத்தார். 2001 சரிவில் அம்மாவையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், அதுவும் உண்மை. நம் நாட்டு மொத்த உற்பத்தியில் தொழிற்சாலைகளின் பங்கு 2000ஐ ஒட்டி 30 சதவீதத்தைத் தொட்டது, இப்போது 23 சதவீத அளவில் நிற்கிறது. வேலை வந்த வழியிலேயே போகிறது என்று அம்மா அதிகம் பேசாமல் ஏற்றுக்கொண்டார். நான் இன்னும் ஏற்கவில்லை.

தங்கச்சி, கணக்கைப் பாருங்கள். இருபது சாபிட் எடுத்தாலும் 600 வெள்ளி, அதில் கரியும் இரும்பும் போகவேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. எந்தப் பையன் அந்த உலைக்கு வருவான்? நீங்கள் இருபது எடுப்பதால் பட்டறை பிழைக்காது. அவர் கையில் இருக்கிற வேறு எதற்குக் காசு கிடைக்கும் என்று யோசியுங்கள். மழுங்கின, வளைந்த கத்தியெல்லாம் இப்போது எங்கே போகிறது?

சிப்புட்_இரும்புக்கடை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா கேட்டதற்கு முதலில் பதில்: குப்பைக்குப் போகிறது. கடைக்குப் பின்னாலேயே வளைந்த சாபிட் பதினொன்று கிடந்தது, வாடிக்கையாளர்கள் விட்டுவிட்டுப் போனவை. எல்லாம் பெட்டிச் சரக்கு.

நேற்று ஐயா சொன்ன மாதிரி அரம் ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லர் வீட்டுக்குப் போனேன். அவருடைய சாபிட் நான்கை இழுத்துப் பார்த்தேன். இரண்டில் அரம் கடித்தது, இரண்டில் வழுக்கியது. அவர் என் கையிலிருந்து அரத்தை வாங்கித் தானே இழுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவர் மனைவிதான் சொன்னார்: இடது கண்ணில் புரை, வலது கண்ணிலும் இறங்குகிறது, அரசாங்க மருத்துவமனையில் தேதி கொடுத்திருக்கிறார்கள், இவர்தான் வேலை கெட்டுப்போகும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். எல்லா நிறமும் பழுப்பாகத்தான் தெரிகிறதாம். வைக்கோல் மஞ்சள் எப்போது வந்து போகிறது என்றே தெரிவதில்லையாம்.

தேதியைத் தள்ளவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், சரி என்றிருக்கிறார். மாதம் இருபது என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. பன்னிரண்டை நான் எடுக்கிறேன், காண்ட்ராக்ட் தம்பிக்கு நான்கு. அந்தப் பதினொரு வளைந்த சாபிட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். தட்டி நேராக்கி மறுபடி துவைச்சல் போட ஒன்றுக்கு 8 வெள்ளி. இரும்பு ஏற்கும் என்றால்தான் செய்வேன், எல்லாம் ஏற்காது என்றார். சனிக்கிழமைதோறும் கடையில் பழைய கத்தி வாங்கி வைக்கிறேன் என்று ஒரு பலகை எழுதச் சொல்லியிருக்கிறேன். 14 வெள்ளி சாபிட்டும் தொங்கும், 38 வெள்ளி சாபிட்டும் தொங்கும், நடுவில் அரத்தைக் கயிற்றில் கட்டிவிட்டேன்.

பட்டறைக்காரர் ஐயா, உங்களைப் பற்றி அவரிடம் சொன்னேன். மெங்லெம்பு பக்கத்துப் பட்டறையா என்று கேட்டார், நீங்கள் பெயர் எழுதவில்லை, அதனால் எனக்குத் தெரியாது என்றேன். கண் ஆபரேஷன் வரைக்கும் துவைச்சல் நேரத்தில் நிறம் பார்த்துச் சொல்ல யாராவது பக்கத்தில் நின்றால் தேவலை என்கிறார். ஞாயிறு காலை எட்டு மணிக்கு உலை மூட்டுகிறார். வர முடிந்தால் வாருங்கள் ஐயா. காந்தம் அவரிடம் இல்லை, உங்களுடையதைக் கொண்டுவாருங்கள்.