பழைய ஸ்பார்க்ஸ்டேஷனில் கொஞ்சம் புது டிஸ்க்: யாருக்கு என்ன நடந்தது?

லஞ்ச்பாக்ஸ்:

என்னிடம் இருப்பது சன் நிறுவனத்தின் பழைய வொர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர், ஸ்பார்க்ஸ்டேஷன் ஐபிஎக்ஸ். 1991-இல் வந்த பெட்டி, 40 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர், மெமரி 64 எம்பிக்கு மேல் ஏறாது. உள்ளே மூன்றரை அங்குல டிஸ்க் ஒன்றுக்குத்தான் இடம். கூட வந்த 424 எம்பி டிஸ்க் கிரீச்சிட ஆரம்பித்ததும், ஏதோ சர்வரிலிருந்து கழற்றி விற்ற 9 ஜிபி எஸ்சிஏ டிஸ்க் ஒன்றை வாங்கிப் போட்டேன். ஸ்கசி என்பது இந்தப் பெட்டிகள் டிஸ்கோடு பேசும் இணைப்பு முறை; கரன்டும் டேட்டாவும் ஒரே கனெக்டரில் வரும் ஸ்கசி டிஸ்க்தான் எஸ்சிஏ.

எஸ்சிஏ டிஸ்கில் 80 பின், ஐபிஎக்ஸ் கேபிளில் 50 பின். நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். மலிவான அடாப்டர்கள் சில, 50 பின் கேபிளில் வராத மேல் எட்டு பிட் கம்பிகளை டெர்மினேட் செய்யாமல் (முனையில் ரெசிஸ்டர் வைத்து முடிக்காமல்) அந்தரத்தில் விட்டுவிடும். அப்போது டிஸ்க் சில சமயம் தெரியும், சில சமயம் தெரியாது. இதைவிட எரிச்சலான கோளாறு வேறில்லை. ஒரேயடியாகத் தெரியாமல் போனால்கூடக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அடாப்டர் நீளமும் கூடச் சேர்வதால் கேபிளை மடித்துத் திணித்துத்தான் மூட முடிந்தது.

டிஸ்கின் ஸ்கசி எண்ணை (ஒரே கேபிளில் எது எந்தக் கருவி என்று காட்டும் எண்) 3 என்று வைக்க வேண்டும். சன் பெட்டிகளில் உள் டிஸ்கின் வழக்கமான இடம் அதுதான், 6 சிடிராமுக்கு. எஸ்சிஏ டிஸ்கில் இந்த எண்ணை அமைக்கும் ஜம்பர்கள் (சின்ன இணைப்புத் துண்டுகள்) அடாப்டரில்தான் இருக்கும். சன் கீபோர்டில் ஸ்டாப்-ஏ அழுத்தி, வரும் ஓகே ப்ராம்ப்டில் ப்ரோப்-ஸ்கசி (மாட்டிய டிஸ்குகளைத் தேடும் கட்டளை) கொடுத்தால் டிஸ்கின் பெயர் வந்து நிற்கும்.

பெயர் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பழைய ப்ராம் (பெட்டியை பூட் செய்யும், சிப்பில் உள்ள ப்ரோகிராம்) பதிப்புகள் சில, டிஸ்கைப் படிக்க ஆறு பைட் ஸ்கசி கட்டளையைப் பயன்படுத்துகின்றன. அதில் பிளாக் முகவரிக்கு 21 பிட்தான். ஒரு பிளாக் 512 பைட் என்றால் கணக்கு சரியாக 1 ஜிபியில் முடிகிறது. அதற்கு அப்பால் இருப்பது ப்ராமின் கண்ணுக்கே தெரியாது. நண்பர் ஒருவரின் பெட்டியில் 9 ஜிபியும் ஒரே பார்ட்டிஷன். நெட்பிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டார், நன்றாக பூட் ஆனது. சில மாதம் கழித்து கெர்னலை (சிஸ்டத்தின் மையப் ப்ரோகிராமை) மாற்றியதும் நின்றுவிட்டது. புதுக் கெர்னல் போய் உட்கார்ந்த இடம் 1 ஜிபிக்கு அப்பால். அதனால் கெர்னல் இருக்கும் ரூட் பார்ட்டிஷனைச் சின்னதாக, டிஸ்கின் முதலிலேயே வையுங்கள். மற்றதை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் கதை.

ஓகே_ப்ராம்ப்ட்:

எனக்கு வந்தது வேறு தொல்லை. காலையில் ஸ்விட்ச் போட்டால் பூட் டிவைஸைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி ஓகேயில் வந்து நிற்கும். நான் டீ குடித்துவிட்டு வந்து பூட் என்று அடித்தால் ஒழுங்காகக் கிளம்பும். டிஸ்கில் குறை ஒன்றும் இல்லை. நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றும் டிஸ்க் முழு வேகம் பிடிக்க நேரம் எடுக்கிறது, ப்ராமுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

முதலில் பார்க்க வேண்டியது மோட்டார் ஸ்டார்ட் ஜம்பர். சர்வர் டிஸ்குகள் பல, கட்டளை வரும்வரை சுற்றாமல் காத்திருக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அது சரியாக இருந்தும் தாமதம் என்றால், என்விராம்ஆர்சியில் (பூட்டுக்கு முன் ஓட வேண்டிய கட்டளைகளை எழுதி வைக்கும் இடம்) ஒரு காத்திருப்பை எழுதிவிடலாம். சன்னின் ப்ராம் ப்ரோகிராமான ஓபன்பூட், ஃபோர்த் என்ற நிரல் மொழியில் பேசும். எம்எஸ் என்ற சொல் அத்தனை மில்லிசெகண்ட் காத்திருக்கும். ஆனால் அங்கே எண்கள் ஹெக்ஸாடெசிமல், அதாவது 16-ஐ அடியாகக் கொண்டவை! வெறுமனே 20000 என்று எழுதினால் இருபது செகண்ட் ஆகாது, 1,31,072 மில்லிசெகண்ட், அதாவது இரண்டு நிமிடத்துக்கு மேல். எண்ணுக்கு முன்னால் டி-ஹாஷ் (d#) போட வேண்டும்.

இன்னொன்று. இதெல்லாம் பதிவாவது பேட்டரியை உள்ளே வைத்துச் சீல் செய்த அந்த 2 கேபி டைம்கீப்பர் சிப்பில். இத்தனை வருடத்தில் அந்த பேட்டரி செத்திருக்கும். முதலில் அதை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை கரன்ட் போகும்போதும் எழுதினது அழிந்துவிடும், ஈதர்நெட் முகவரியோடு சேர்த்து.

ரிச்சி_தெரு:

டிஸ்க் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டோரேஜ் அரேயிலிருந்து கழற்றியதாக இருந்தால் செக்டர் 520 பைட்டாக இருக்கலாம். ப்ரோப்-ஸ்கசியில் பெயர் அழகாக வரும், லேபிள் (பார்ட்டிஷன் விவரம்) மட்டும் எழுத முடியாது. ஸ்கசி கார்டு உள்ள லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, எஸ்ஜி-ஃபார்மேட் என்ற கட்டளை கொண்டு 512-க்கு மாற்றலாம். மணிக்கணக்கில் ஓடும். எங்கள் பக்கம் பாதியில் கரன்ட் போய், டிஸ்க் ஃபார்மேட் கெட்டுவிட்டது என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பயப்பட வேண்டாம், மறுபடி முழுசாக ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும். யுபிஎஸ்ஸில் போடுங்கள், அவ்வளவுதான்.

நீலப்பெட்டி:

சன் மட்டும்தானா? எஸ்ஜிஐ நிறுவனத்தின் இண்டி கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இடம் கொடுங்கள். 1993 பெட்டி. இங்கே எண் கணக்கே வேறு: ஸ்கசி கன்ட்ரோலர்தான் 0, பூட் டிஸ்க் 1. பிசி பழக்கத்தில் டிஸ்குக்கு 0 கொடுப்பவர்கள் உண்டு, இரண்டும் மோதிக்கொள்ளும்.

அப்புறம், இண்டியின் ப்ராமுக்கு எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கத் தெரியாது. டிஸ்கின் தலையில் உள்ள வால்யூம் ஹெடரில் சாஷ் என்ற சின்ன ப்ரோகிராம் இருக்க வேண்டும். ப்ராம் அதை எழுப்பும், அது எஸ்ஜிஐயின் சிஸ்டமான ஐரிக்ஸின் கெர்னலை எழுப்பும். பழைய டிஸ்கின் ஃபைல்களை மட்டும் புதுசுக்கு நகலெடுத்தால் பூட் ஆகாததற்குக் காரணம் இதுதான். ஐரிக்ஸின் எஃப்எக்ஸ் ப்ரோகிராம் கொண்டு டிஸ்கைப் பிரித்த பிறகு, டிவிஎச்டூல் ப்ரோகிராம் கொண்டு சாஷை ஹெடரில் போடுங்கள்.

சத்தமில்லாதவன்:

நான் சுற்றும் டிஸ்கையே விட்டுவிட்டேன். எஸ்டி கார்டை ஸ்கசி டிஸ்காகக் காட்டும் ப்ளூஸ்கசி மாதிரிப் பலகை ஒன்று போதும். கார்டில் உள்ள டிஸ்க் ஃபைலின் பெயரில் வரும் முதல் இலக்கம்தான் ஸ்கசி எண். சூடு கிடையாது, அடாப்டர் தொல்லை கிடையாது. ஐபிஎக்ஸின் ஸ்கசி செகண்டுக்கு 5 எம்பிதான், அதற்கு 10,000 சுற்று எதற்கு?

லஞ்ச்பாக்ஸ்:

@சத்தமில்லாதவன், வேகத்தைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். சூடும் உண்மை, அந்தச் சின்னப் பெட்டியில் 7,200 சுற்றுக்கு மேல் போடாமல் இருப்பதே நல்லது. ஆனால் டிஸ்க் சுற்றும் சத்தம் இல்லாமல் அந்தப் பெட்டி முன்னால் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை, இதற்கு வாதம் ஒன்றும் கிடையாது.

எஸ்டி கார்டு போட்டாலும் 1 ஜிபி எல்லை அப்படியே இருக்கும், ஏனென்றால் எல்லை ப்ராமில் இருக்கிறது. சன்னின் பழைய சிஸ்டமான சன்ஓஎஸ் 4.1.4 போடுகிறவர்கள் ஒரு ஃபைல் சிஸ்டம் 2 ஜிபியைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் ஃபார்மேட் ப்ரோகிராமுக்கு இந்தப் புது டிஸ்குகளைத் தெரியாது, சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை நாமே கற்பனையாகக் கொடுக்க வேண்டும். பெருக்குத்தொகை டிஸ்கின் அளவைத் தாண்டாமல் இருந்தால் போதும். 9 ஜிபிக்கு ஓடிய எண்கள் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள்.