கேவிட்டி கேஸ்: கியா டேபிளோட எண் ஒத்துப்போக மாட்டேங்குது

முகில்
லிட்-டிரிவன் கேவிட்டிக்கு (மூடி இழுக்குறதால பெட்டிக்குள்ள திரவம் சுழலுற சோதனைக் கேஸ்) சொந்தமா ஒரு 2டி ஃபைனைட் வால்யூம் (இடத்தைச் சின்னச் சின்ன செல்லா வெட்டிக் கணக்குப் போடுற முறை) கோட் எழுதியிருக்கேன். சதுரப் பெட்டி, மேல்மூடி மட்டும் 1 வேகத்துல நகருது, ரெனால்ட்ஸ் எண் (வேகம் × பக்கம் ÷ பாகுநிலை) 1000. கியா, கியா, ஷின் 1982 பேப்பர்ல, நடுச் செங்குத்துக் கோட்டுல கிடைவேகத்தோட குறைந்தபட்சம் −0.38289. எனக்கு 64×64 கட்டத்துல −0.29, 128×128ல −0.335. சுழல் படம் அச்சு அசலா இருக்கு, எண்தான் உதைக்குது. 256 போட்டா லேப்டாப் திணறுது. எங்க பார்க்கணும்?

கட்டம்64
ரெசிடுவல் (சமன்பாட்டுல இன்னும் தீராம நிக்குற மிச்சம்) எவ்வளவுல நிறுத்துறீங்க? 10⁻³ல நிறுத்திட்டு கியா தப்புன்னு வர்றவங்க நிறைய. அப்புறம், நிஜமா 1000 தானா? ஓப்பன்ஃபோம் (ஓட்டத்தைக் கணக்கிடுற மென்பொருள்) டியூட்டோரியல் கேவிட்டில பக்கம் 0.1, பாகுநிலை 0.01. அது வெறும் 10.

முகில்
10⁻⁸ வரை இறக்கியாச்சு. பக்கம் 1, பாகுநிலை 0.001. கன்வெக்ஷனுக்கு (ஓட்டம் சுமந்துட்டுப் போற பகுதிக்கு) ஃபர்ஸ்ட் ஆர்டர் அப்விண்ட், அதாவது ஓட்டம் வர்ற பக்கத்து செல் மதிப்பையே எடுக்குறது.

பழைய ஃபோர்ட்ரான்
அங்கதான் இருக்கு தம்பி. கட்டத்தை ரெண்டு மடங்காக்கியும் பிழை 0.09லருந்து 0.05க்குத்தான் வந்திருக்கு, கிட்டத்தட்ட பாதி. ஃபர்ஸ்ட் ஆர்டர்னா அப்படித்தான். அப்விண்ட் தன் பங்குக்கு ஒரு போலிப் பாகுநிலையைச் சேர்க்கும்: வேகம் × கட்ட அகலம் ÷ 2. வேகம் 0.3, அகலம் 1/128ன்னா 0.0012. நீங்க கொடுத்ததே 0.001 தானே! ஓட்டம் கட்டத்துக்கு இணையா போற இடத்துல அவ்வளவா தெரியாது, வளையுற இடத்துல நல்லாவே கடிக்கும்.

சென்ட்ரலுக்கு (ரெண்டு பக்கத்து செல்லோட சராசரி, செகண்ட் ஆர்டர்) மாத்துங்க. ஒரேயடியா மாத்தினா மூடிகிட்ட செல் பெக்லே எண் (வேகம் × கட்ட அகலம் ÷ பாகுநிலை) 8 பக்கம் வரும், சால்வர் அடம்பிடிக்கும். மேட்ரிக்ஸ்ல அப்விண்டையே விட்டுட்டு, வித்தியாசத்தை மட்டும் சோர்ஸ்ல, அதாவது சமன்பாட்டோட வலப்பக்கம் தள்ளுங்க (டிஃபர்டு கரெக்ஷன்).

முகில்
மாத்தினேன் அண்ணா. 64ல −0.374, 128ல −0.385. இப்ப கியாவையே தாண்டிப் போகுதே?

பழைய ஃபோர்ட்ரான்
தாண்டத்தான் வேணும். கியாவும் 129×129ல போட்ட கணக்குதான், துல்லியத் தீர்வு இல்ல. பொட்டெல்லா, பெய்ரே 1998ல ஸ்பெக்ட்ரல்ங்கிற ரொம்பத் துல்லியமான முறையில எடுத்தது −0.38857. உங்க ரெண்டு எண்ணுக்கும் நடுவுல வித்தியாசம் 0.011. ரிச்சர்ட்சன் கணக்குப்படி (ரெண்டு கட்டத்து விடையை வச்சு துல்லிய விடையை ஊகிக்கிறது) அதுல மூணுல ஒரு பங்கை 128 விடையோட சேர்த்தா −0.3887. இதுக்கு மேல என்ன வேணும்!

கட்டம்64
மேல்மூலை ரெண்டுலயும் அழுத்தத்தை ஒப்பிடாதீங்க. மூடி நகருது, சுவர் நிக்குது, அங்க அழுத்தம் முடிவிலிக்கு ஓடும், கட்டத்தைப் பொடியாக்க ஆக்க எண் ஏறிக்கிட்டே போகும். கோட் செகண்ட் ஆர்டர்தானான்னு அடிச்சுச் சொல்லணும்னா டெய்லர்–கிரீன் சுழல் போடுங்க. பீரியாடிக் பெட்டி (ஒரு பக்கம் வெளியே போறது எதிர்ப்பக்கம் உள்ளே வரும்), வேகம் எக்ஸ்பொனென்ஷியலா எப்படித் தேயும்னு கையாலேயே எழுதிடலாம். 32, 64, 128ல பிழையை லாக்-லாக்ல வரைஞ்சா சாய்வு 2 வரணும். டைம் ஸ்டெப் ரொம்பச் சின்னதா இருக்கட்டும், இல்லேன்னா நேரப் பிழை மூடிடும். அதுல சுவரே கிடையாது, அதனால சுவருக்கு ப்வாசேய் (ரெண்டு தட்டுக்கு நடுவுல போற ஓட்டம்) தனியா ஓட்டணும்.

முகில்
ப்வாசேய் ஏற்கெனவே பார்த்தாச்சு, ரெண்டு தட்டுக்கு நடுவுல உச்சவேகம் சராசரியைப் போல 1.5 மடங்கு வருது. டெய்லர்–கிரீனை ராத்திரி ஓட விடுறேன். சாய்வு 2க்குக் கீழ நின்னா படத்தோட வர்றேன்.