ஆட்சிக்குழுக் கூட்டம் ஆன்லைனில்: ரெண்டு மணி நேரம் போகுது, தீர்மானம் ஒண்ணும் தேறலை

கேள்வி | வேலந்தாவளத்தான்

எல்லாருக்கும் வணக்கங்க. கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் சுத்துப்பட்டு ஊர்களுக்காக ஒரு படிப்பகமும் ரத்ததானக் குழுவும் நடத்துறோம். சங்கமாப் பதிவு பண்ணினதுதான். ஆட்சிக்குழுவில 11 பேர்: ஆறு பேர் உள்ளூர், ரெண்டு பேர் கோயமுத்தூர், மூணு பேர் துபாய், சவூதியில தம்மாம். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஜூமில் கூடுறோம், இலவசக் கணக்கு.

பொருளாளர் கணக்கு வாசிச்சு, முகாம் பொறுப்பாளர் அறிக்கை வாசிக்கறதுக்குள்ள 40 நிமிஷம் முடிஞ்சு கட்டாகுது. திரும்ப வர்றது ஆறேழு பேர். முடிவு எடுக்க வேண்டிய விஷயம் கடைசியில வரும், அப்ப நாலு பேர்தான் இருப்பாங்க. மறுநாள் வாட்ஸ்அப்பில் “நான் இதுக்குச் சம்மதிக்கவே இல்லையே”ன்னு சண்டை. காசு கட்டிக் கணக்கை மாத்தினா சரியாகுமாங்க?

பதில் 1 | மினிட்ஸ்காரர்

காசு கட்டினா கட்டாகாம ரெண்டு மணி நேரம் பேசலாம், அவ்வளவுதாங்க. கோளாறு நேரத்துல இல்ல, வரிசையில இருக்கு.

அறிக்கைகளைக் கூட்டத்துல வாசிக்கறதை முதல்ல நிறுத்துங்க. ஒவ்வொண்ணும் ஒரு பக்கம், கூட்டத்துக்கு மூணு நாள் முன்னாடி எல்லார் கைக்கும் போயிடணும். போன கூட்ட மினிட்ஸ் (நடவடிக்கைக் குறிப்பு), கணக்கு, முகாம் அறிக்கை எல்லாத்தையும் ஒரே கட்டாக் கட்டி, தலைவர் ஒரே ஒரு தடவை கேக்கணும்: “இதுல எதையாச்சும் தனியா எடுத்துப் பேசணுமா?” யாரும் கேக்கலைன்னா மொத்தமா ஒப்புதல். கேட்டா அந்த ஒண்ணை மட்டும் வெளியில எடுத்துப் பேசுங்க.

அப்புறம் அஜெண்டா. “மார்ச் முகாம் பற்றி”ன்னு எழுதினா அது அஜெண்டா இல்லைங்க, அரட்டைக்கு அழைப்பு. “மார்ச் முகாமின் பந்தல், சிற்றுண்டிச் செலவுக்கு ரூ.12,000 வரை எடுக்க முகாம் பொறுப்பாளருக்கு அனுமதி”ன்னு தீர்மான வாசகமாவே எழுதுங்க. கொண்டு வர்றவர் பேரும் ஒதுக்கின நிமிஷமும் பக்கத்துல இருக்கட்டும். வாசகம் முன்னாடியே வந்துட்டா, பேச்சு அந்தத் தொகையையும் ஆளையும் சுத்தித்தான் நடக்கும்.

40 நிமிஷத்தை இப்படிப் பிரிங்க: வருகையும் மொத்த ஒப்புதலும் 5, மூணு தீர்மானத்துக்குத் தலா 10, முடிவுகளைத் திரும்ப வாசிக்க 5. பத்து நிமிஷத்துல முடியாத விஷயத்தை இழுக்காதீங்க. ரெண்டு பேரை நியமிச்சு, திருத்தின வாசகத்தோட அடுத்த கூட்டத்துக்கு வரச் சொல்லுங்க. மூணுக்கு மேல இருந்தா 10 நிமிஷம் இடைவெளி விட்டு இன்னொரு அமர்வு.

கிழமையையும் மாத்துங்க. சவூதியில வெள்ளி, சனிதான் லீவு, ஞாயிறு வேலை நாள். துபாயில 2022லிருந்து சனி, ஞாயிறு. ரெண்டு பக்கமும் ஒத்து வர்றது சனிக்கிழமைதான். நம்ம 8.30 துபாயில 7 மணி, தம்மாமில 6 மணி.

பதில் 2 | மியூட் பட்டன்

மேலே சொன்னதோடு, தலைவரையும் ஹோஸ்ட்டையும் (ஜூமில் கூட்டத்தைத் திறந்து கட்டுப்படுத்துபவர்) ஒரே ஆளாக வைக்காதீர்கள். பேச்சை நடத்துகிறவரே ஆளை உள்ளே விட்டு, மியூட் போட்டு, கை தூக்கியவரையும் கவனித்தால் மூன்றும் கெடும். ஜூம் இலவசக் கணக்கில் இணை ஹோஸ்ட் வைக்கும் வசதி இல்லை. அதனால் தொழில்நுட்பம் பார்ப்பவர் கணக்கிலேயே கூட்டத்தைத் திறந்து, தலைவர் சாதாரண உறுப்பினராக இருந்து நடத்தட்டும்.

உள்ளே வருபவர் பெயர் போன் மாடல் பெயராகத் தெரிந்தால், உடனே சொந்தப் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கோரம் (முடிவு எடுக்க இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) எண்ண முடியாது. படிப்பகத்தில் மூன்று பேர் ஒன்றாக உட்கார்ந்தால் ஒரே போனில் வரட்டும். மூன்று போனும் ஸ்பீக்கரில் இருந்தால் ஒன்றின் சத்தத்தை மற்றதன் மைக் பிடித்து எதிரொலி கிளம்பும். சிக்னல் இழுத்தால் முதலில் வீடியோவை அணையுங்கள், குரலுக்கு மிகக் குறைந்த டேட்டா போதும்.

திரையைப் பகிர்ந்து தீர்மானத்தைக் காட்டுவதும் வேண்டாம். போனில் பார்ப்பவருக்கு எழுத்து கடுகாகத் தெரியும். வாசகத்தை அப்படியே சாட்டில் ஒட்டுங்கள். தாமதமாக வந்தவருக்குப் பழைய சாட் தெரியாது என்பதால், வாக்குக்கு முன் மறுபடி ஒட்ட வேண்டும்.

பதிவு செய்வதானால் ஹோஸ்ட் கணினியில் இருக்க வேண்டும், இலவசக் கணக்கில் போனிலிருந்து பதிவாகாது. மினிட்ஸ் ஒப்புதல் ஆனதும் அந்தப் பதிவை அழித்துவிடுவது நல்லது. பதிவாகிறது என்றால் பாதிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள்.

பதில் 3 | செங்கோட்டை ஓரம்

“நான் சம்மதிக்கவில்லையே” என்ற சண்டைக்குக் காரணம் வாக்கெடுப்பு முறை. “எல்லாருக்கும் சரிதானே?” என்று கேட்டுவிட்டு மௌனத்தைச் சம்மதமாக எடுத்தால் இதுதான் நடக்கும். லைன் கட்டானவரும் மௌனமாகத்தான் இருப்பார்! ஒவ்வொரு பெயராக அழைத்து, ஆம், இல்லை, நடுநிலை என்று வாயால் சொல்ல வையுங்கள். 11 பேருக்கு ஒரு நிமிடம் போதும். மினிட்ஸில் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வாக்கு எண்ணிக்கை, செய்ய வேண்டியவர், கெடு தேதி இருந்தால் போதும், யார் என்ன பேசினார் என்பது வேண்டாம்.

கோரத்தை ஆரம்பத்தில் மட்டுமல்ல, ஒவ்வொரு வாக்குக்கு முன்னும் எண்ண வேண்டும். பைலாவில் (சங்க விதிகளில்) பாதிக்கு மேல் என்றிருந்தால் உங்களுக்கு 6. நாலு பேர் எடுத்த முடிவு செல்லாது.

ஆன்லைன் கூட்டம் பற்றிப் பைலாவில் ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பொதுக்குழுவில் வைத்துத் திருத்துங்கள். சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானது என்பதைப் பதிவுச் சான்றிதழில் பாருங்கள், மாவட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தமிழ்நாட்டுக்கு 1975 சட்டம். கேரளத்தில் நெடுங்காலமாகப் பழைய திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிக்கு 1955 சட்டம், மலபாருக்கு 1860 சட்டம். இன்று ஒரே மாவட்டம் என்றாலும், பாலக்காடு மலபாரில் இருந்தது, உங்கள் சித்தூர் தாலுகா கொச்சியில் இருந்தது.

மினிட்ஸ் புத்தகத்தைக் கைவிட வேண்டாம். அச்செடுத்து ஒட்டி, நேரில் கூடும்போது கையெழுத்து வாங்குங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவரை மாற்றப் போனால் தீர்மான நகல் கேட்பார்கள், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எடுபடாது.

வேலந்தாவளத்தான்

ரொம்ப நன்றிங்க. இன்னொண்ணு. நாலு பேர் மலையாள மீடியத்துல படிச்சவங்க. தமிழ் நல்லாப் பேசுவாங்க, வாசிக்க வராது. மூணு நாள் முன்னாடி காகிதம் அனுப்பினாலும் அவங்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

மினிட்ஸ்காரர்

அறிக்கை எழுதினவரே அதை வாசிச்சு வாய்ஸ் நோட்டா அனுப்பட்டும், ஒண்ணுக்கு மூணு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். தீர்மான வாசகம் மட்டும் தமிழ், மலையாளம் ரெண்டுலயும் எழுத்துல போகணும், தொகையும் தேதியும் எண்ணுல. ரெண்டுக்கும் முரண்பாடு வந்தா எது செல்லும்னு ஒரு தீர்மானம் இப்பவே போட்டு வெச்சுக்குங்க. வாக்குக்கு முன்னாடி தலைவர் வாசகத்தைச் சத்தமா வாசிக்கணும், எல்லாருக்கும் வாசிக்கத் தெரிஞ்சிருந்தாலும்.