கல்லூரி ஆட்டக்காரருக்கு விளம்பரப் பணம்: போட்டி என்ன ஆகிறது, நன்கொடை எங்கே போகிறது?

#1 தெற்குவாசல்

2021 ஜூலை 1 முதல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரக் காசு வாங்கலாம் என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ இறங்கி வந்தது. என்ஐஎல் (பெயர், படம், உருவம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஊர் கார் ஷோரூம் விளம்பரத்தில் நிற்கும் பையனுக்குக் காசு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. என் சண்டை கலெக்டிவ்களோடு.

கலெக்டிவ் என்பது ஒரு கல்லூரியின் வசதியான ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் நிதிக்குழு. கல்லூரிக்கு வெளியே இயங்கும். ரசிகர்களிடம் பணம் திரட்டி, ஆட்டக்காரரோடு ஒப்பந்தம் போடும். பதிலுக்கு அவர் நாலு கையெழுத்துப் போடுவார், ஒரு அறக்கட்டளை விழாவில் தலைகாட்டுவார். 2021 டிசம்பரில் டெக்சாஸ் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணிக்காகத் (நம் கால்பந்து இல்லை) தொடங்கிய ஹார்ன்ஸ் வித் ஹார்ட்டைப் பாருங்கள். உதவித்தொகையில் இருக்கும் ஒவ்வொரு அஃபென்சிவ் லைன்மேனுக்கும் (முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுப்பவர்) ஆண்டுக்கு 50,000 டாலர் என்று அறிவித்தார்கள். ரசிகர்களுக்கு முகம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே தொகை என்றால் அது விளம்பரப் பணம் இல்லை, சம்பளம்.

இதன் விளைவு கூடைப்பந்தில் அப்பட்டமாகத் தெரிகிறது. 2023-ல் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கும் சான் டியேகோ ஸ்டேட்டும் தேசியப் போட்டியான மார்ச் மேட்னஸில் கடைசி நாலுக்கு வந்தன. 2025-ல் கடைசி 16 அணிகளுமே நாலு பெரிய கான்ஃபரன்ஸ்களை (கல்லூரி அணிகள் சேர்ந்து ஆடும் குழுக்கள்) சேர்ந்தவை: எஸ்இசி 7, பிக் டென் 4, பிக் 12 4, ஏசிசி 1. கடைசி நாலில் நாலும் முதல் தரவரிசை அணிகள். அந்த ஃப்ளோரிடா அட்லாண்டிக் அணியின் அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடாவுக்குப் போய் 2025-ல் கோப்பை வாங்கினார். ஜானெல் டேவிஸ் ஆர்கன்சாவுக்குப் போனார். விளாடிஸ்லாவ் கோல்டின் பயிற்சியாளர் டஸ்டி மேயோடு மிஷிகனுக்குப் போனார். சின்னக் கல்லூரி வளர்த்துக் கொடுக்க, பெரிய கல்லூரி அறுவடை செய்கிறது.

நன்கொடையும் அப்படித்தான். கலெக்டிவுக்குப் பணம் வருவது ஏற்கெனவே கல்லூரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதே சட்டைப்பையிலிருந்து.

#2 நிலவன்

தெற்குவாசல் சார், உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. 2023 மார்ச்சில் என்ஐஎல் வந்து ஒன்றே முக்கால் வருஷம் ஆகியிருந்தது. அப்போதுதான் இரண்டு சின்ன அணிகள் கடைசி நாலுக்கு வந்தன. நடுவில் மாறியது இடமாற்ற விதி. 2021-ல் ஒரே ஒரு முறை, காத்திருக்காமல் கல்லூரி மாறலாம் என்றார்கள். இரண்டாவது முறை மாறுபவர் ஒரு வருஷம் உட்காரவேண்டும் என்ற விதியை 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ஃபெடரல் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஏப்ரலில் என்சிஏஏ அதைக் கைவிட்டே விட்டது. விளம்பரக் காசின் தலையில் எல்லாப் பழியையும் போடாதீர்கள்.

ஃபுட்பாலுக்கு வாருங்கள். 2014 முதல் 2020 வரை, தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபின் ஏழு கோப்பைகளில் ஐந்து அலபாமாவுக்கும் கிளெம்சனுக்கும் போயின. ஒரு பைசா வெளிப்படையாகக் கொடுக்காத 'தூய்மையான' காலத்தில்! 2023-ல் 3 வெற்றி, 9 தோல்வி கண்ட இண்டியானா, 2024-ல் 11-2 என்று பிளேஆஃபுக்குள் வந்தது. 2026 ஜனவரியில் மயாமியை வீழ்த்தி, 16 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காமல் கோப்பையை எடுத்தது. அதன் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்துபவர்) ஃபெர்னாண்டோ மென்டோசா கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து மாறி வந்தவர். முன்பு அலபாமா பெஞ்சில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்த பையன் நகரமாட்டான். நகர்ந்தால் ஒரு வருஷம் போச்சு. இப்போது வேறொரு அணி காசும் கொடுத்து, ஆடவும் இடம் கொடுக்கிறது. பெரிய அணிகள் திறமையைப் பதுக்கிவைக்க முடியவில்லை.

#3 தெற்குவாசல்

இண்டியானா ஏழை வீட்டுப் பிள்ளை இல்லையே. அது பிக் டென்னில் இருக்கிறது. அந்த கான்ஃபரன்ஸ் 2022-ல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசியோடு போட்ட ஏழு வருஷத் தொலைக்காட்சி ஒப்பந்தமே 700 கோடி டாலருக்கு மேல். நீங்கள் காட்டுவது மேல்மாடிக்குள் நடந்த இடமாற்றம். மாடிக்கும் தரைக்கும் நடுவே படிக்கட்டு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் 2025 மார்ச்சில் மார்ச் மேட்னஸில் ஆடியது. ஆடி முடித்த ஒரே வாரத்தில் என்சிஏஏவின் கடைசித் தட்டான டிவிஷன் 3-க்கு இறங்கப்போவதாக அறிவித்தது. தகுதி பெற்ற அணியே இனி தாங்காது என்று சொல்லி விலகினால் போட்டி எங்கே இருக்கிறது?

#4 கணக்குப்பிள்ளை

நன்கொடையைத் தெற்குவாசல் ஒரே குவியலாகப் பேசுகிறார். பிரித்துப் பார்த்தால்தான் எது குறைகிறது, எது கூடுகிறது என்று தெரியும்.

முதலாவது, இருக்கைக்கான நன்கொடை. நல்ல இடத்தில் சீசன் டிக்கெட் வாங்கும் உரிமைக்காக விளையாட்டு அறக்கட்டளைக்கு வருஷாவருஷம் கட்டுவது. 2017 வரை அதில் 80 சதவீதத்துக்கு வரிக்கழிவு இருந்தது. 2017 டிசம்பரின் வரிச் சட்டம் அதை 2018 முதல் சுத்தமாக எடுத்துவிட்டது. இந்த வகையில் வந்த சரிவுக்கு என்ஐஎல் காரணம் என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது, கட்டடத்துக்கான பெருந்தொகை. சுவரில் பெயர் வரும், வரிக்கழிவும் உண்டு.

மூன்றாவதுதான் கலெக்டிவ். பலர் இதை லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்து, "கொடுங்கள், வரிக்கழிவு கிடைக்கும்" என்று வசூலித்தார்கள். 2023 ஜூனில் அமெரிக்க வருமான வரித்துறையான ஐஆர்எஸ் தன் உள்கருத்தைத் தெளிவாகச் சொன்னது: இவற்றில் பல ஆட்டக்காரர்களின் தனிப்பட்ட நலனுக்காகவே இயங்குகின்றன, பொதுநல அமைப்பு என்ற தகுதிக்குப் பொருந்தாது. இதன் விளைவைக் கணக்காகச் சொல்கிறேன். 24 சதவீத வரி வரம்பில் இருப்பவர், கழிவுகளை விவரமாகக் காட்டித் தாக்கல் செய்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்கு 10,000 டாலர் கொடுத்தால் கையை விட்டுப் போவது தோராயமாக 7,600. 2026 முதல் வருமானத்தின் முதல் 0.5 சதவீதத்துக்குக் கழிவு இல்லை என்பதால் கொஞ்சம் கூடும். தகுதியில்லாத கலெக்டிவுக்குக் கொடுத்தால் முழு 10,000 போகும். கடை வைத்திருப்பவர் அதே பையனை உண்மையான விளம்பரத்துக்கு வைத்தால் மொத்தமும் வியாபாரச் செலவு. கார் ஷோரூம்காரர்கள் முன்னால் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு, ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கு. 2025 ஜூன் 6-ல் நீதிபதி கிளாடியா வில்கன் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். பழைய ஆட்டக்காரர்களுக்கு 10 ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. 2025 ஜூலை 1 முதல் ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆட்டக்காரர் எல்லோருக்கும் சேர்த்து நேரடியாக ஆண்டுக்கு 2.05 கோடி டாலர் வரை கொடுக்கலாம். அடுத்த இரண்டு ஆண்டுகளும் 4 சதவீதம் ஏறும். இதனால் நன்கொடையாளர் மறுபடி கல்லூரியின் விளையாட்டு நிதிக்கே கொடுக்கிறார், வரிக்கழிவும் திரும்ப வருகிறது.

ஆக, தொகை குறைந்துதான் ஆகவேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. எஸ்எம்யூ பல்கலைக்கழகம் 2024-ல் ஏசிசியில் சேர, ஒன்பது வருஷத் தொலைக்காட்சிப் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தது. அறிவித்த ஒரு வாரத்தில் நன்கொடையாளர்கள் 10 கோடி டாலர் திரட்டினார்கள். முதல் வருஷமே அணி பிளேஆஃபுக்குப் போனது. நான் பயப்படுவது வேறு இடத்தில். கட்டடத்துக்கு ஒரு முறை கேட்டால் போதும், முப்பது வருஷம் நிற்கும். ஆட்டக்காரர் பணத்தை வருஷாவருஷம் கேட்கவேண்டும். சீசன் முடிந்ததும் அந்தப் பையன் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால், கொடுத்தவர் அடுத்த முறை யோசிப்பார். டென்னசி பல்கலைக்கழகம் நன்கொடையாளரை மட்டும் நம்பாமல் 2025 ஃபுட்பால் டிக்கெட்டில் 10 சதவீதம் 'டேலண்ட் ஃபீ' போட்டது. பெரும்புள்ளிகளிடம் கேட்டது போக, மீதி சாதாரண ரசிகர் தலையில் இறங்குகிறது.

#5 அலைமகள்

அந்த 2.05 கோடி எப்படிப் பிரிகிறது என்பதை யாரும் தொடவில்லை. இழப்பீட்டுக் கணக்கை ஒட்டிப் பல கல்லூரிகள் எடுத்துக்கொண்ட அளவுகோல்: ஃபுட்பாலுக்கு 75 சதவீதம், ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்ற எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 5. நீச்சல், மல்யுத்தம், தடகளம், டென்னிஸ் எல்லாம் அந்தக் கடைசி ஐந்தில் முட்டிமோதவேண்டும். கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல், டைவிங் அணிகளை மூடியபோது ஹவுஸ் சமரசத்தின் செலவையும் காரணமாகச் சொன்னது. அமெரிக்காவின் ஒலிம்பிக் அணிக்கு ஆள் தருவது இந்தக் கல்லூரி அணிகள்தான்.

ஆனால் உண்மையான விளம்பரப் பணத்தை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக (எல்எஸ்யூ) ஜிம்னாஸ்ட் லிவி டன்னுக்கு வந்த பணம் அவரைப் பின்தொடர்பவர்களால் வந்தது. கல்லூரியின் தயவு அதில் கிடையாது. சாஃப்ட்பால் பந்துவீச்சாளர் நிஜாரி கேனடி 2024-ல் ஸ்டான்ஃபோர்டை விட்டு டெக்சாஸ் டெக்குக்கு வந்தபோது பேசிய தொகை 10,50,024 டாலர்: பத்து லட்சம் ஒப்பந்தம், 50,000 வாழ்க்கைச் செலவு, 24 அவர் சட்டை எண். அடுத்த வருஷமே அந்த அணி தேசிய இறுதிச் சுற்றுக்குப் போனது. தெற்குவாசல் ஐயா திட்டும் அதே கலெக்டிவ் பணம்தான் ஒரு பெண்கள் அணியைத் தூக்கிவிட்டது. இது வெளியாரின் பணம், அதனால் பாலினச் சமத்துவச் சட்டமான டைட்டில் 9 அதைக் கட்டுப்படுத்தவில்லை. கல்லூரி நேரடியாகக் கொடுக்கும் பணத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் கல்வித்துறை சொன்னது. பிப்ரவரியில் புதிய அரசு அதைத் திரும்பப் பெற்றது. என் எதிர்ப்பு இந்த நேரடிப் பங்கீட்டுக்குத்தான்.

#6 நிலவன்

அலைமகள் மேடம், ஸ்டான்ஃபோர்ட் 11 விளையாட்டுகளை மூடுவதாக அறிவித்தது 2020 ஜூலையில். என்ஐஎல் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால்! எதிர்ப்பு வலுத்து 2021-ல் பின்வாங்கியது. காசு இல்லை என்பது இவர்களுடைய பழைய பல்லவி. கிளெம்சன் 2017-ல் 5.5 கோடி டாலருக்குக் கட்டிய ஃபுட்பால் கட்டடத்தில் சறுக்குமரமும் மினி கோல்ஃபும் பௌலிங்கும் உண்டு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்ப 7.5 கோடி டாலருக்கு மேல் ஒப்புக்கொண்டது. அணியை நடத்தாமல் இருப்பதற்கு! ஆட்டக்காரருக்குக் கொடுக்கக்கூடாது என்ற விதி இருந்ததால்தான் பணம் இப்படிச் சுவரிலும் பயிற்சியாளர் பையிலும் போய்ச் சேர்ந்தது.

#7 தெற்குவாசல்

பயிற்சியாளர் சம்பளத்துக்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் ஃபிஷர் கையில் ஒரு ஒப்பந்தம் இருந்தது, இரண்டு தரப்பையும் அது கட்டியது. ஆட்டக்காரர் பக்கம் நிலைமை என்ன? 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸின் யுஎன்எல்வி பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் ஜெயித்த கையோடு விலகினார். ஒரு லட்சம் டாலர் வாய்வாக்கு கொடுத்தார்கள் என்பது அவர் தரப்பு. எழுத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்பது எதிர்த்தரப்பு. நேரத்தைக் கவனியுங்கள்: நாலு ஆட்டத்துக்கு மேல் ஆடாவிட்டால் அந்த வருஷம் தகுதிக் கணக்கில் சேராது. ஐந்தாவது ஆட்டத்துக்கு முன்னால் போனால் அவருக்கு லாபம், அணிக்கு சீசன் நடுவே ஓட்டை.

இப்போது ஹவுஸ் சமரசத்தை ஒட்டி, ஒப்பந்தங்களைக் கண்காணிக்க காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிஷன் என்று ஒன்று வந்திருக்கிறது. 600 டாலரோ அதற்கு மேலோ உள்ள வெளி ஒப்பந்தங்களை, கணக்குத் தணிக்கை நிறுவனமான டெலாய்ட் நடத்தும் என்ஐஎல் கோ தளத்தில் ஐந்து வேலைநாளுக்குள் பதியவேண்டும். கொடுப்பவர் கல்லூரியோடு தொடர்புள்ளவரா, உண்மையான வியாபார நோக்கம் உண்டா, தொகை நியாயமான வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒப்பவில்லை என்றால் திருத்தலாம், கைவிடலாம், நடுவரிடம் போகலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2024 பிப்ரவரியில் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்கள் போட்ட வழக்கில் என்ஐஎல் பணத்தைக் காட்டி ஆள்சேர்க்கக்கூடாது என்ற என்சிஏஏ விதியை ஃபெடரல் நீதிபதி நிறுத்திவைத்தார். மாநில அரசே தன் ஊர் அணிக்காக வழக்கு போடும்போது இந்தக் கமிஷன் எத்தனை நாள் தாங்கும்?

#8 கணக்குப்பிள்ளை

நடைமுறையில் ஆட்டக்காரர் வீட்டார் அடி வாங்குவது வேறு இடத்தில். இந்தப் பணத்தில் யாரும் வரி பிடித்துக் கொடுப்பதில்லை. நிகர வருமானம் 400 டாலரைத் தாண்டினாலே 15.3 சதவீத சுயதொழில் வரி உண்டு, வருமான வரி தனி. ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 என்று நாலு தவணை கட்டவேண்டும். கையில் வரும் ஒவ்வொரு காசோலையிலும் மூன்றில் ஒரு பங்கைத் தனிக்கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். கலெக்டிவ் கொடுக்கும் காரும் வருமானம்தான். அதற்கான வரியைக் காராகக் கட்ட முடியாது, ரொக்கமாகத்தான் கட்டவேண்டும். வசதி குறைந்த மாணவருக்கான அரசு உதவியான பெல் கிராண்ட் வாங்குபவருக்கு அடுத்த கணக்கீட்டில் உதவி குறையலாம்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை: கல்லூரி மாறினால் வாங்கியதைத் திருப்பவேண்டுமா, காயம்பட்டால் நிற்குமா, படிப்பு முடிந்த பிறகும் பெயர் உரிமை அவர்களிடமே இருக்குமா. இந்தக் கடைசி வரி பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

இந்தியாவிலிருந்து எஃப்-1 விசாவில் வந்து டென்னிஸோ ஸ்குவாஷோ ஆடுபவர்களுக்கு ஒன்று: அமெரிக்க மண்ணில் விளம்பரப் படப்பிடிப்புக்கு நிற்பது அனுமதியில்லாத வேலை என்று ஆகலாம், விசாவே போய்விடும். சக ஆட்டக்காரர் வாங்குகிறாரே என்று கையெழுத்துப் போடாமல், முதலில் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.

#9 நிலவன்

தெற்குவாசல் சார் கேட்கும் ஒழுங்கு, இரண்டு தரப்பையும் கட்டும் ஒப்பந்தம், சம்பள உச்சவரம்பு, சீசன் நடுவே விலகத் தடை, இதெல்லாம் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் இருக்கிறது. ஆட்டக்காரர் சங்கம் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டதால்தான் ஏகபோகத் தடைச் சட்டம் அதைத் தொடுவதில்லை. ஆட்டக்காரரை ஊழியர் என்று ஒப்புக்கொண்டு, சங்கத்தோடு பேசுங்கள். அதுவரை நீங்கள் எந்த வரம்பு போட்டாலும் யாராவது ஒருவர் வழக்கு போட்டு உடைப்பார்.

#10 தெற்குவாசல்

டார்ட்மவுத் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் 13-2 என்று சங்கத்துக்கு வாக்களித்தது. அந்த வருஷக் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். அது தனியார் கல்லூரி. டென்னசி, ஓஹாயோ ஸ்டேட், இண்டியானா எல்லாம் அரசுப் பல்கலைக்கழகங்கள். தேசியத் தொழிலாளர் சட்டம் மாநில அரசு நிறுவனங்களைத் தொடாது. ஒவ்வொரு மாநிலத்திலும் தனிச் சட்டம். டெக்சாஸில் அரசு ஊழியர் பெரும்பாலோருக்குக் கூட்டுப் பேரமே கிடையாது. டெக்சாஸும் ஓஹாயோ ஸ்டேட்டும் ஒரே கோப்பைக்கு ஆடும்போது, ஒரு பக்கம் பேரம் பேசும் சங்கமும் மறுபக்கம் ஒன்றுமே இல்லாத நிலையும் இருந்தால், உங்கள் உச்சவரம்பை யாரோடு பேசி முடிப்பீர்கள்? அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச் சட்டம் போடாமல் இதற்கு வழியிருந்தால் எழுதுங்கள், வாசிக்கிறேன்.