மறு: ‘டிரான்சிஷன் பேக்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

> முதன்முறை டிரையத்லானில் கலந்துகொள்பவர்களுக்கான கையேட்டில், பை வாங்குவது பற்றி ஒரு பக்கம் எழுதுகிறேன். ‘டிரான்சிஷன் பேக்’ என்பதற்குச் சொல் வேண்டும். இதுவரை வந்தவை: மாற்றுப் பை, நிலைமாற்றப் பை, இடைவேளைப் பை, களப்பை.

நான்கையும் படித்தேன். எது பொருந்தும் என்று கேட்பதற்கு முன், எந்தப் பைக்குப் பெயர் வைக்கிறோம் என்று கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் இந்த ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பைகள் திரிகின்றன. அந்தக் குழப்பத்தை நாமும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. (டிரையத்லானுக்கே தமிழ் என்ன என்ற சண்டை தனி இழையில் நடக்கட்டும். இங்கே டிரையத்லான் என்றே எழுதுகிறேன்.)

விளையாட்டோடு பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். 2000இல் சிட்னியில் ஒலிம்பிக்குக்குள் நுழைந்த டிரையத்லானின் தூரம் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். நீந்திக் கரையேறியவர் ஓடி வந்து சைக்கிளை எடுப்பதும், திரும்பி வந்து அதை மாட்டிவிட்டு ஓடக் கிளம்புவதும் ஒரு வேலியடைத்த இடத்தில் நடக்கின்றன. இதைத்தான் ஆங்கிலத்தில் ‘டிரான்சிஷன்’ என்கிறார்கள். அந்த நேரம் முழுவதும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஷூ மாட்டத் தடுமாறும் ஒவ்வொரு நொடியும் கணக்கில் சேரும். அதனால்தான் இதை நான்காவது பிரிவு என்று வீரர்கள் சொல்கிறார்கள். ஆக, ‘இடைவேளைப் பை’ முதலில் கழிந்துபோகிறது. இடைவேளை என்றால் நமக்குத் தேநீரும் முறுக்கும் நினைவுக்கு வரும். இங்கே உட்காரவே நேரமில்லை.

இப்போது அந்த இரண்டு பைகள்.

முதலாவது, நாம் காசு கொடுத்து வாங்குவது. ஆர்க்கா, ஸூட் போன்ற நிறுவனங்கள் ‘டிரான்சிஷன் பேக்’ என்று விற்பது இதைத்தான். விடிவதற்கு முன் முதுகில் மாட்டிக்கொண்டு போட்டி நடக்கும் இடத்துக்குப் போவதற்கானது. கொள்ளளவு பெரும்பாலும் 35 முதல் 50 லிட்டர்.

இரண்டாவது, அமைப்பாளர்கள் கொடுப்பது. நீண்ட தூரப் போட்டிகளில் சைக்கிள் பக்கத்தில் எதையும் பரப்பி வைக்கப் பெரும்பாலும் அனுமதி கிடையாது. போட்டி எண் ஒட்டிய பைகளைக் கொடுத்துவிடுவார்கள். அயர்ன்மேன் என்ற நீண்ட தூர டிரையத்லான் போட்டிகள் பலவற்றில் சைக்கிள் பொருள்களுக்கு நீலம், ஓட்டப் பொருள்களுக்குச் சிவப்பு, காலையில் உடுத்தி வந்த துணிக்கு வெள்ளை. நீலத்தையும் சிவப்பையும் முதல் நாளே நிரப்பிக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். வாயில் கயிறு கோத்து இழுத்து மூடும் மெல்லிய பைகள் இவை. நம் பாட்டிகள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைதான், கொஞ்சம் வளர்ந்துவிட்டது.

கையேட்டில் ‘மாற்றுப் பை வாங்குங்கள்’ என்று ஒரு பக்கத்திலும், ‘மாற்றுப் பையைக் கொக்கியில் மாட்டுங்கள்’ என்று இன்னொரு பக்கத்திலும் எழுதினால், புதிதாக வருபவர் தன் நாற்பது லிட்டர் பையைத் தூக்கிக்கொண்டு கொக்கியைத் தேடுவார். அது போக, மாற்றுச் சாவி, மாற்றுத் துணி என்பதுபோல ‘மாற்றுப் பை’ என்றதும் கூடுதலாக ஒரு பை எடுத்துவரச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும். ‘நிலைமாற்றம்’ இயற்பியலில் ஏற்கெனவே குடியேறிவிட்டது. பனிக்கட்டி நீராவதற்கு அது போதும், ஷூ மாற்றுவதற்கு வேண்டாம்.

வாங்கும் பை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் பேசிவிடுவோம். சொல் அங்கிருந்துதான் பிறக்க வேண்டும். கையேட்டின் அந்தப் பக்கத்துக்கும் இது உதவும்.

போட்டி நாளில் இரண்டு கைகளும் சைக்கிளுக்கு வேண்டும். தள்ளிக்கொண்டு போனாலும் ஓட்டிக்கொண்டு போனாலும் கையில் பிடிக்கும் பை உதவாது. எனவே முதுகில் மாட்டுவதாக, மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டையும் உடையதாக இருக்க வேண்டும். கடையில் நிமிர்ந்து நின்று மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள். சைக்கிளில் குனிந்து உட்கார்ந்ததும் பையின் மேல்விளிம்பு தலைக்கவசத்தின் பின்புறத்தில் முட்டும். கவசம் நெற்றிக்கு இறங்கிக் கண்ணை மறைக்கும். ஆகவே தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, பைக்குள் இரண்டு துண்டுகளைத் திணித்து, கடையிலேயே குனிந்து பார்த்து வாங்கச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

அடுத்தது, உள்துணியின் நிறம். இதை யாரும் கவனிப்பதில்லை. காலை நான்கரை மணிக்கு இருட்டில் பையைத் திறக்கிறோம். உள்ளே கறுப்பு உடை, கறுப்பு சாக்ஸ், கறுப்புக் கண்ணாடி உறை. உள்துணியும் கறுப்பாக இருந்தால் கையால் துழாவ வேண்டியதுதான். வெளிர் சாம்பலோ ஆரஞ்சோ இருந்தால் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் தெரியும். பெட்டியைப் போல முழுதாக விரியும் வாய் இருந்தால் இன்னும் நல்லது. மேலிருந்து மட்டும் திறக்கும் பையில் நமக்கு வேண்டியது எப்போதும் அடியில்தான் இருக்கும்.

ஈரப்பொருளுக்கான தனி அறையைப் பற்றிக் கடைகள் பெரிதாகப் பேசும். குளிர்நாட்டுக்காரர்களுக்கு அது தேவைதான். உடலோடு ஒட்டும் ரப்பர் வெட்சூட்டை நனைந்தபடி சுருட்டி வைத்தால் பாதிப் பை நிறைந்துவிடும். அந்தப் பைகள் அவ்வளவு பெரிதாக இருப்பதற்கும் அது ஒரு காரணம். அயர்ன்மேன் விதிப்படி நீரின் வெப்பம் 24.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெட்சூட் அணிந்தவர் பரிசுக்குப் போட்டியிட முடியாது. கோவாவிலும் சென்னையிலும் கடல் பெரும்பாலும் அதற்கு மேல்தான். நமக்கு நனைபவை ஒரு துண்டு, நீச்சல் கண்ணாடி, தொப்பி, போட்டி உடை. ஒரு கெட்டியான பாலிதீன் உறை போதும். அதற்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

ஷூவுக்குத் தனி அறை மட்டும் கட்டாயம் இருக்கட்டும். சைக்கிள் ஷூவின் அடியில் பெடலைக் கவ்வும் கிளீட் இருக்கிறது. அது கண்ணாடியில் உரசினால் கண்ணாடி போயிற்று. தலைக்கவசத்துக்கு வெளியே ஒரு வலையோ கொக்கியோ வேண்டும். கவசத்தின் பட்டையை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம் என்பது விதி. எனவே அது முதலில் கைக்கு வர வேண்டிய பொருள். ஊக்கு, எண் பட்டை, ஜெல் பாக்கெட், கணுக்காலில் கட்டும் நேரச் சில்லு ஆகியவற்றுக்கு ஜிப் வைத்த ஒரு சிறிய அறை. காற்றடிக்கும் பம்ப் எந்தப் பையிலும் அடங்காது. பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், எல்லோரும் கொடுப்பார்கள்.

பை வாங்கப் பணமில்லாதவர்களுக்கு இருபது லிட்டர் பெயின்ட் வாளி இருக்கிறது. வெளிநாடுகளிலும் பலர் அதைத்தான் தூக்கி வருகிறார்கள். கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஷூ மாட்டலாம். ஒரு கை போய்விடும் என்பது ஒரு குறை. சில போட்டிகளில் வாளியை வேலிக்குள் அனுமதிப்பதில்லை என்பது இன்னொரு குறை.

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

அந்த வேலியடைத்த இடத்துக்கு ‘மாறுகளம்’ என்று பரிந்துரைக்கிறேன். ஆடுகளம் எப்படி அமைந்ததோ அப்படியே. இந்த ஒரு சொல் கிடைத்துவிட்டால் மற்றவை தாமாக அமையும்.

‘களப்பை’யை முன்வைத்த நண்பருக்கு ஒரு சுவையான செய்தி. அதைச் சொல்லிப் பாருங்கள். நம்மில் பாதிப் பேர் வாயில் அது ‘கலப்பை’ ஆகிவிடும். தோளில் ஏர் தூக்கிக்கொண்டு நீந்த வருகிறவரை நினைத்துச் சிரிப்பு வரலாம். ஆனால் கலப்பை என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் இதே பொருள்தான் இருந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரத் தாமதித்தபோது ஔவையார் வாயிற்காவலனிடம் கோபித்துப் பாடிய புறநானூற்று 206ஆம் பாட்டில், ‘காவினெம் கலனே சுருக்கினெம் கலப்பை’ என்று வருகிறது. கலங்களை, அதாவது இசைக்கருவிகளை, தோளில் தூக்கிவிட்டோம், அவற்றை வைக்கும் பையைச் சுருக்கிக் கட்டிவிட்டோம், கிளம்புகிறோம் என்பது பொருள். கலம் வைக்கும் பை கலப்பை. போட்டிக்குக் கிளம்புகிற எவருக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. என்ன செய்வது, அது இப்போது உழவர் கையில் இருக்கிறது. பிடுங்க முடியாது, பிடுங்கவும் கூடாது.

ஆனால் அந்த வரியிலுள்ள ‘சுருக்கினெம்’ நமக்கு உதவும். அமைப்பாளர் தரும் பைக்கு ‘மாறுகளச் சுருக்குப்பை’ என்று வைக்கலாம். வாங்கும் பைக்கு இன்னும் யோசிக்கிறேன்.

அன்புடன்,
கோவையிலிருந்து

* * *

வணக்கம் அண்ணா.

மாறுகளம் நல்லாயிருக்கிறது என்று உடனே சொல்ல வந்தேன். பிறகு ஒரு நெருடல். எங்கள் வீட்டில் மாறு என்றால் விளக்குமாறு. மாறுகளம் என்றதும் முற்றம் கூட்டுகிற நினைவு வருகிறது. ஆனால் மாறுவேடமும் இருக்கிறதே. நீச்சல்காரராக உள்ளே போய்ச் சைக்கிள்காரராக வெளியே வருகிறவர்களுக்கு அந்த வாசனை பொருந்தும். எனவே எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

சுருக்குப்பைக்கு என் முழு ஆதரவு. கொழும்பில் 2018இல் அயர்ன்மேன் 70.3 (அயர்ன்மேனில் பாதித் தூரப் போட்டி) முதன்முதலாக நடந்த காலத்திலிருந்து எங்கள் பக்கத்துப் பொடியன்கள் சிலர் இந்தப் பைத்தியத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ‘நீலப் பை, சிவப்புப் பை’ என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவருக்கும் அதுவே சுலபம். ஆகவே மாறுகளச் சுருக்குப்பை என்று முழுப்பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு நிறத்தைச் சொல்லி அழைக்க இடம் கொடுங்கள்.

வாங்கும் பைக்கு ஔவையாரிடமே இன்னொரு சொல் இருக்கிறது, நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். ‘காவினெம்.’ எங்களிடம் அது இன்றும் அன்றாடச் சொல். தண்ணீர்க் குடத்தைக் காவிக்கொண்டு வா, பிள்ளையைக் காவிக்கொண்டு போ என்போம். காவுகிற பை ‘காவுபை’. உங்கள் ஆடுகளத்தைப் போல இதுவும் வினைத்தொகைதான். குறுகியது, தமிழ், ல-ள சிக்கலும் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

அன்புத் தங்கைக்கு,

காவுபையை இரண்டு நாள் வாயில் போட்டு மென்று பார்த்தேன். சொல்லமைப்பில் குறையே இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் ‘காவு’ என்றால் பலி. ‘லாரி காவு வாங்கியது’ என்று செய்தித்தாளில் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். முதன்முறை கடலில் நீந்தப் போகிறவர் ஏற்கெனவே பயத்தில் இருப்பார். அவர் கையில் காவுபையைக் கொடுத்தால் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார். இலங்கைப் பதிப்பு என்று ஒன்று வந்தால் அதில் காவுபையே இருக்கட்டும். நான் மனமாரச் சொல்கிறேன், அங்கே அதைவிட நல்ல சொல் அமையாது.

தமிழ்நாட்டுப் பதிப்புக்கு நான் வந்து சேர்ந்த இடம் இது. வாங்கும் பைக்குப் புதுச்சொல்லே வேண்டாம். ‘முதுகுப்பை’ எல்லோருக்கும் தெரியும். கடைக்காரர் வைத்த விற்பனைப் பெயருக்கெல்லாம் கலைச்சொல் ஆக்கிக்கொண்டிருந்தால் அடுத்த ஆண்டு அவர் பெயரை மாற்றும்போது நாமும் பின்னால் ஓட வேண்டியிருக்கும். விதியோடும் இடத்தோடும் தொடர்புள்ளவற்றுக்கு மட்டும் கலைச்சொல் ஆக்குவோம். அறைகளுக்கு ஈர அறை, ஷூ அறை, கவச வலை. இவற்றில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கையேட்டுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்:

‘முதுகுப்பையில் ஷூ அறையும் கவச வலையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நம் கடலுக்கு ஈர அறை கட்டாயமில்லை. நீண்ட தூரப் போட்டிகளில் அமைப்பாளர்கள் மாறுகளச் சுருக்குப்பைகளைத் தருவார்கள். சைக்கிளுக்குரியவற்றை நீலப் பையிலும் ஓட்டத்துக்குரியவற்றைச் சிவப்புப் பையிலும் முதல் நாளே போட்டு மாட்டிவிடுங்கள். நிறம் போட்டிக்குப் போட்டி மாறலாம், அறிவிப்பைப் பாருங்கள். இரவு மழை பெய்தால் இவை நனையும். சாக்ஸை உள்ளே தனி உறையில் வையுங்கள்.’

படித்துக் குறை சொல்லுங்கள். இன்னொன்று பாக்கியிருக்கிறது. நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுவதைக் குறிக்கும் டி1, டி2 என்பவற்றுக்கு ‘முதல் மாறல், இரண்டாம் மாறல்’ என்று எழுதியிருக்கிறேன். ‘மாற்றம்’ என்று எழுதினால் விதிமுறை மாற்றம், நேர மாற்றம் ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் அதைத் தவிர்த்தேன். ‘மாறல்’ காதுக்குக் கொஞ்சம் அந்நியமாக இருக்கிறது என்று கையேடு எழுதும் நண்பர் தனிமடலில் சொல்கிறார். ‘மாறுகை’ என்று ஒருவர் சொன்னார், அது இடக்கையைக் குறிப்பதுபோல் கேட்கிறது. வேறு யோசனை இருப்பவர்கள் வியாழனுக்குள் எழுதுங்கள். வெள்ளியன்று கோப்பு அச்சுக்குப் போகிறது.

கோவையிலிருந்து